மூச்சுக் கருவிக்கு எந்தத் தண்ணீர்?

“டிஸ்டில்டு வாட்டர் இருக்கா?” என்று பெட்ரோல் பங்க்கில் கேட்டால் பேட்டரிக்கு ஊற்றும் கேனை எடுத்து வைப்பார்கள். அதே கேள்வியை மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் ஊசி மருந்தைக் கரைக்கிற சின்னக் குப்பி வரும். கூட்ட நேரமாக இருந்தால் சலைன் பாட்டிலே வந்துவிடவும் கூடும். மளிகைக் கடையில் மினரல் வாட்டர் கொடுப்பார்கள். பார்வைக்கு எல்லாமே ஒரே மாதிரி தெளிந்த தண்ணீர்தான். ஆனால், தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய்க்காக வீட்டில் சிபாப் மிஷின் வைத்திருப்பவர்களுக்கு, இவற்றில் எதை வாங்கி வருகிறோம் என்பது பெரிய விஷயம். அந்தத் தண்ணீரைத் தொட்டு வருகிற காற்றைத்தான் இரவு முழுக்க அவர்கள் சுவாசிக்கிறார்கள்.

மிஷினோடு வரும் கையேடு இதை ஓரிரு வரிகளில் முடித்துக்கொள்கிறது. அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். வீட்டுக்கு வந்து பொருத்திக் கொடுப்பவர் மாஸ்க்கை எப்படி மாட்டுவது, பட்டையை எவ்வளவு இறுக்குவது என்று பொறுமையாகச் சொல்லித் தருகிறார். தண்ணீர் என்று வரும்போது, “நல்ல தண்ணியா ஊத்துங்க, போதும்” என்று கிளம்பிவிடுகிறார். அதன் பிறகு அவரவர் வீட்டில் என்ன தண்ணீர் இருக்கிறதோ அதுவே மிஷினின் தண்ணீர் டப்பாவுக்குள் போகிறது. போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் உண்டு. கேன் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் உண்டு. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறவர்களும் உண்டு.

மூக்கு செய்யும் வேலை

குறட்டையோடு தூங்கும் சிலருக்குத் தொண்டையின் மென்மையான தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதையை மூடிவிடுகின்றன. சில வினாடிகள் மூச்சே இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி எழுப்புகிறது, ஒரு திணறலோடு மூச்சு திரும்புகிறது. ஒரு மணி நேரத்தில் இப்படி 30 முறைக்கு மேல் நடந்தால் அதைக் கடுமையான நிலை என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். இதற்கு ஒரு காலத்தில் இருந்த உறுதியான சிகிச்சை, கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்கு நேரடி வழி ஏற்படுத்துவதுதான். சிட்னியைச் சேர்ந்த மருத்துவர் காலின் சலிவன் 1980-இல் வேறு வழியைச் சோதித்தார். ஊதுகருவியிலிருந்து வரும் காற்றை மூக்கு வழியாக இதமான அழுத்தத்தில் செலுத்திக்கொண்டே இருந்தால், அந்தக் காற்றே தொண்டையைத் திறந்து வைத்துவிடும் என்பதை அவர் காட்டினார். ஐந்து நோயாளிகளிடம் கண்டதை மறு ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் அவரும் சக மருத்துவர்களும் எழுதினார்கள். இன்று படுக்கையருகே கையடக்கமாக உட்கார்ந்திருக்கும் மிஷின்கள் எல்லாம் அந்தச் சோதனையின் வழிவந்தவை.

ஆரம்பகாலத்திலேயே தெரிந்துபோன ஒரு சங்கடம், வறட்சி. நாம் இழுக்கும் காற்று நுரையீரலின் ஆழத்தை அடையும்போது உடல் வெப்பத்துக்கு வந்து, ஒரு லிட்டருக்கு சுமார் 44 மில்லிகிராம் நீராவியோடு நிறைந்திருக்கும். இந்த ஈரத்தைச் சேர்க்கும் வேலையில் பெரும்பங்கு மூக்கினுடையது. வெளியே விடும் மூச்சிலிருந்து கொஞ்சம் ஈரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு அது சமாளிக்கிறது. மிஷின் காற்றை இடைவிடாமல் தள்ளும்போது, அதுவும் வாய் திறந்து காற்று அந்த வழியாக வெளியேறும்போது, திரும்ப வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு போய்விடுகிறது. மூக்கின் உட்சவ்வு காய்ந்து, வீங்கி, அடைத்துக்கொள்கிறது. காலையில் தொண்டை எரிகிறது, சிலருக்கு மூக்கில் ரத்தம் கசிகிறது. “இந்த மாஸ்க் எனக்கு ஒத்துக்கலை” என்று மிஷினை அலமாரிக்குள் வைத்துவிடுகிறவர்களில் பலரை உண்மையில் விரட்டியது இந்த வறட்சிதான். அதைத் தீர்ப்பதற்காக மிஷினின் பக்கவாட்டில் ஒரு சூடான தகடும், அதன் மேல் சின்னத் தண்ணீர் டப்பாவும் வைத்தார்கள். காற்று அந்த நீரின் மேற்பரப்பைத் தழுவிக்கொண்டு போய் ஈரத்தை எடுத்துக்கொள்கிறது.

எவ்வளவு தண்ணீர் செலவாகும் என்று மனக்கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். குழாய் வழியே நிமிடத்துக்கு 35 லிட்டர் காற்று போவதாக வைத்துக்கொண்டால் எட்டு மணி நேரத்தில் 16,800 லிட்டர். ஒவ்வொரு லிட்டரும் 15 மில்லிகிராம் நீரை எடுத்துக்கொண்டாலே கால் லிட்டர் காலி. டப்பாக்களை 300, 400 மில்லி கொள்ளளவில் செய்திருப்பதன் காரணம் இதுதான்.

உப்பு ஒரு கேள்வி, கிருமி வேறு கேள்வி

இந்த விஷயத்தில் எழும் குழப்பங்களில் முக்கால்வாசி, இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள் மிஷினைக் கெடுக்கின்றன. தண்ணீரில் வளரும் கிருமிகள் மனிதரைக் கெடுக்கக்கூடும். ஒன்றுக்குச் செய்யும் தீர்வு மற்றொன்றைத் தீர்க்கும் என்று எண்ணுவதுதான் ஆபத்து.

முதலில் உப்பு. டப்பாவிலிருந்து ஆவியாகிப் போவது நீர் மட்டும். கால்சியம், மக்னீசியம், சோடியம் எல்லாம் அடியில் தங்கிவிடும். தூத்துக்குடி உப்பளத்தில் வெயில் செய்யும் வேலையை இங்கே சூடான தகடு செய்கிறது. லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புகள் கரைந்த போர் தண்ணீரில் தினம் கால் லிட்டர் ஆவியானால் ஓர் இரவுக்கு கால் கிராம், மாதத்துக்கு ஏழரை கிராம் உப்பு மிஞ்சும். அது ஒரு டீஸ்பூனுக்கும் அதிகம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரமே இல்லாத இடங்களில் 2,000 வரை பொறுத்துக்கொள்கிறது. மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறியிருப்பதும், தமிழகத்தின் எத்தனையோ ஊர்களில் கீசர் கம்பி வெள்ளையாகப் பூத்துப்போவதும் நாம் அறிந்தவை. அதே வெள்ளைப் படிவுதான் மூச்சுக் கருவியின் டப்பாவிலும் ஒட்டுகிறது. படிவு தடித்தால் தகட்டின் வெப்பம் நீருக்குச் சரியாகப் போகாது. உலோக அடித்தட்டு அரிக்கும், ரப்பர் விளிம்பு கசியும். சொரசொரப்பான அந்தப் பரப்பு கிருமிகள் பற்றிக்கொள்ளவும் வசதியானது.

உப்பை மூச்சோடு இழுத்துவிடுவோமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. சிபாப் கருவியில் அந்தப் பயம் வேண்டாம். காற்றோடு போவது நீராவி. அதில் உப்பு ஏறாது. குழந்தைகள் அறையில் வெண்புகை கக்கும் அல்ட்ராசானிக் ஈரமூட்டிகளின் கதை வேறு. அவை நீரை நுண்துளிகளாகச் சிதறடிக்கின்றன, துளியோடு உப்பும் கிருமியும் சேர்ந்தே பறக்கும்.

இனி, தண்ணீரைக் கொதிக்க வைத்தால் என்ன ஆகும்? கிருமிகள் பெரும்பாலும் சாகும். உப்பு அப்படியே இருக்கும். கொஞ்சம் நீர் ஆவியாகிவிட்டதால் மிச்சத்தில் அதன் அடர்த்தி கூடியும் இருக்கும். ஆர்.ஓ. தண்ணீர்? உப்பு வெகுவாகக் குறையும், முழுதும் போகாது. பல வீட்டு ஆர்.ஓ. கருவிகளில் ருசிக்காகக் கொஞ்சம் மூலநீரைத் திரும்பக் கலக்கும் குமிழ் ஒன்று இருக்கிறது. சிலவற்றில் தாதுக்களைச் சேர்க்கும் குப்பி இருக்கிறது. கடையில் வாங்கும் குடிநீர் பாட்டில்களிலும் கால்சியம், மக்னீசியம் இருப்பது வழக்கம். குடிக்க அது நல்லதே. டப்பாவுக்குத்தான் அது தேவையில்லை.

வதந்தியும் உண்மையும்

கிருமி விஷயத்தில் பயமுறுத்துவதும் தவறு, தட்டிக்கழிப்பதும் தவறு. நீரின் மேல் காற்று தழுவிப் போகும் அமைப்பில் துளிகள் கிளம்புவதில்லை என்பதால், டப்பாவில் உள்ள கிருமி நேரே நுரையீரலுக்குப் போவது எளிதல்ல. இது ஆறுதலான செய்தி. ஆனால் டப்பா சாய்ந்தால், விளிம்புக்கு மேல் நிரப்பினால், குழாயில் நீர் தேங்கி மூக்குவரை வழிந்தால், துளி துளியாகவே உள்ளே போகிறது. வெதுவெதுப்பான தேங்கிய நீர், கிருமிக்குப் பிடித்த வீடு. 1976-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகர ஓட்டல் ஒன்றில் கூடிய முன்னாள் படைவீரர்களைத் தாக்கி, அவர்கள் சங்கத்தின் பெயரையே தன் பெயராகப் பெற்ற லெஜியனெல்லா பாக்டீரியா, இப்படிப்பட்ட வெதுவெதுப்பான நீரில் பெருகுவதுதான்.

மூளையைத் தின்னும் அமீபா என்று செய்திகளில் வரும் நெக்லேரியா ஃபவுலெரியைப் பற்றியும் சிபாப் வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள். 2024, 2025 ஆண்டுகளில் கேரளத்தில் அது உயிர்களைப் பறித்ததிலிருந்து இந்தக் கேள்வி கூடியிருக்கிறது. இந்த அமீபா உள்ள நீரைக் குடிப்பதால் அது தொற்றாது, நீராவியாலும் தொற்றுவதாகத் தெரியவில்லை. நீர் மூக்கின் உச்சிக்கு ஏறினால்தான் ஆபத்து. 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருவர் இறந்தது, காய்ச்சாத குழாய்நீரை மூக்கில் விட்டுக் கழுவியதால். சிபாப் டப்பாவால் இது வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. எனினும் மிஷின் போடுவதற்கு முன் மூக்கடைப்பு நீங்க, செம்பால் மூக்கில் நீர் விட்டுக் கழுவும் ஜலநேதிப் பழக்கம் உள்ளவர்கள் ஒன்றை மட்டும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்: அந்தச் செம்பில் ஊற்றும் நீர் நன்றாகக் கொதித்து ஆறியதாகவோ, கிருமி நீக்கியதாகவோ இருந்தே ஆக வேண்டும். டப்பா விஷயத்தில் நான் காட்டும் நிதானத்தை நேதி விஷயத்தில் காட்ட முடியாது.

சரி, எதை வாங்குவது?

காய்ச்சி வடித்த நீர், அதாவது டிஸ்டில்டு வாட்டர், மூடி முத்திரை உடையாமல், மருத்துவம் அல்லது ஆய்வகப் பயன்பாட்டுக்கு என்று குறிப்பிட்டு விற்கப்படுவது: இதுவே சரியான தேர்வு. மருத்துவப் பொருள் விற்கும் பெரிய கடைகளிலும், ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளிலும், இணையத்திலும் ஐந்து லிட்டர் கேனாகக் கிடைக்கிறது. ஓர் இரவுக்கு 300 மில்லி செலவானாலும் ஒரு கேன் பதினாறு இரவு வரும். மருந்துக் கடையில் அரை லிட்டர், ஒரு லிட்டர் பாட்டில்களில் கிடைக்கும் ஸ்டெரைல் வாட்டரும் தாராளமாகப் பயன்படும். தினசரிக்கு அது கையைக் கடிக்கும். உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், கீமோதெரபியில் இருப்பவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் போன்றோர் எந்தத் தண்ணீர் என்பதைத் தங்கள் மருத்துவரிடமே கேட்டு முடிவு செய்யட்டும். அவர்களுக்கு நான் பொதுவான யோசனை சொல்வது முறையல்ல.

சலைன் கூடவே கூடாது. கிருமி நீக்கியது என்ற ஒரே காரணத்துக்காக அதை வாங்கி ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சாதாரண சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. மோசமான போர் தண்ணீரைவிடப் பல மடங்கு.

பேட்டரி தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் விவாதம் நடக்கிறது. “அதுவும் உப்பில்லாத தண்ணிதானே?” என்ற கேள்வி நியாயமானது. பேட்டரிக்கான நீருக்குத் தனி இந்தியத் தரம் உண்டு. அது ஈயத் தகடுகளுக்குத் தீங்கு செய்யும் பொருட்கள் எவ்வளவு இருக்கலாம் என்பதைப் பற்றிக் கவலைப்படுகிறது. மனிதர் சுவாசிப்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை, அது அதன் வேலையும் இல்லை. இந்த நீர் பெரும்பாலும் ரெசின் மணிகள் வழியே வடிகட்டி உப்பு நீக்கியது, காய்ச்சி வடித்ததல்ல. பராமரிப்பில்லாத ரெசின் படுகையில் பாக்டீரியா குடியேறிவிடும். உப்பு அளக்கும் கருவியில் சுழியம் காட்டும் நீரிலும் கிருமி நிறைந்திருக்கலாம். போதாததற்கு, அந்தக் கேன் முன்பு எதை நிரப்பியிருந்தது என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆசிட் விற்கும் கடையிலேயே அது விற்கிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம். வேண்டாம் என்பதே என் முடிவு.

ஏசி தண்ணீருக்கும் அதே பதில். இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பல வீடுகளில் அதைப் பிடித்து ஊற்றுகிறார்கள், அங்கிருந்தே இந்த யோசனை வந்திருக்க வேண்டும். காற்றிலிருந்து குளிர்ந்து சொட்டும் நீர் என்பதால் அதில் உப்பு மிகக் குறைவு, உண்மை. ஆனால் தூசும் பூஞ்சையும் பிடித்த குளிர்சுருளில் வழிந்து, வழவழப்பு படிந்த தட்டில் தேங்கி, பாசி பிடித்த குழாய் வழியே அது வருகிறது. மொட்டைமாடியில் பிடித்த மழைநீரும் இப்படித்தான்: வானத்திலிருந்து வந்தபோது சுத்தம், புறா உட்கார்ந்த தளத்தில் ஓடியபோது அசுத்தம்.

கோயம்புத்தூர் நண்பர்கள் சிறுவாணித் தண்ணீரைச் சொல்வார்கள். அந்தப் பெருமிதம் நியாயமானது, அவ்வளவு மென்மையான நீர் கிடைப்பது பாக்கியம். உப்புப் படிவு அங்கே குறைவாகவே இருக்கும். குழாயில் வரும் எந்த நீரும் கிருமியே இல்லாத நீர் அல்ல என்பதால், சிறுவாணியையும் காய்ச்சி ஆற வைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

டிஸ்டில்டு வாட்டர் கிடைக்கவே கிடைக்காத சின்ன ஊர்களில் இருப்பவர்களுக்கு என்ன வழி? ஆர்.ஓ. தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடி ஆற வைத்து ஊற்றலாம். ஆர்.ஓ. உப்பைக் குறைக்கிறது, கொதி கிருமியைக் கொல்கிறது; இரண்டு கேள்விகளுக்கும் ஓரளவு பதில் கிடைத்துவிடுகிறது. லிட்டருக்கு 50 மில்லிகிராம் உப்புள்ள ஆர்.ஓ. நீரில் ஒரு மாதத்துக்கு மிஞ்சுவது அரை கிராமுக்கும் குறைவு. டப்பாவை அடிக்கடி வினிகரில் ஊறவைத்தால் சமாளித்துவிடலாம்.

வீட்டிலேயே வடித்துக்கொள்ளவும் முடியும். சித்த மருத்துவத்தில் ஓமத்தீநீர் இறக்கும் முறையும் ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பதுதான், நமக்குப் புதிதல்ல. மேசைமேல் வைக்கும் மின்சார வடிகலன்கள் இப்போது கிடைக்கின்றன. வாங்கும் முன் மின்கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் நீரை அறை வெப்பத்திலிருந்து சூடாக்கி முழுதும் ஆவியாக்க, இயற்பியல் கணக்கின்படியே சுமார் 0.7 யூனிட் வேண்டும். நான்கு லிட்டருக்கு ஏறக்குறைய மூன்று யூனிட். கேன் கிடைக்கும் ஊரில் இந்தக் கருவி அவசியமில்லை. கிடைக்காத ஊரில், குறிப்பாக உப்பு நீர் ஊரில், போட்ட பணத்துக்குப் பலன் உண்டு. வடித்த நீரைப் பிடிக்கும் பாத்திரத்தைக் கண்ணாடியிலோ எவர்சில்வரிலோ வைத்து, மூடியே வைக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீர் என்பதற்காக அது என்றைக்கும் கிருமியில்லாமல் இருந்துவிடாது. திறந்த கேனுக்குள் டம்ளரை விட்டு மொண்டால் அன்றைக்கே அதன் சுத்தம் முடிந்தது.

தைலம் வேண்டாம்

சளி பிடித்தால் ஆவி பிடிப்பது நம் ரத்தத்தில் ஊறியது. நொச்சி, யூகலிப்டஸ், விக்ஸ். மூக்கடைத்துக்கொண்டிருக்கும் இரவில் டப்பாவில் ஒரு சொட்டு தைலம் விட்டால் என்ன என்று தோன்றத்தான் செய்யும். விடவே கூடாது. ஐந்து நிமிடம் ஆவி பிடிப்பது வேறு, எட்டு மணி நேரம் மூடிய மாஸ்க்குக்குள் அழுத்தத்தோடு அதையே சுவாசிப்பது வேறு. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் தனி வகை நிமோனியாவே வரும். பிளாஸ்டிக்கும் சிலிக்கோனும் அந்த எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாள்கணக்கில் விட்டுக்கொண்டிருக்கும். பன்னீர், கற்பூரம், கிருமிநாசினி எதற்கும் இதே விதி. தென்கொரியாவில் ஈரமூட்டிகளின் தண்ணீரில் கலக்கவென்று 1994 முதல் கிருமிநாசினி விற்றார்கள். சுத்தமாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு ஊற்றினார்கள் தாய்மார்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் நுரையீரல் சிதைந்து நூற்றுக்கணக்கில் இறந்த பிறகு, 2011-இல்தான் காரணம் அந்த மருந்து என்று தெரியவந்தது. அவை துளி தெறிக்கும் வகை ஈரமூட்டிகள், சிபாப் அல்ல. ஆனாலும் சுவாசிக்கும் தண்ணீரில் எதையும் கலக்காதே என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் இருக்க முடியாது.

டப்பாதான் பாதி வேலை

எவ்வளவு நல்ல தண்ணீர் வாங்கினாலும், நேற்றைய மிச்சத்தின் மேல் இன்றைக்கு ஊற்றினால் பயனில்லை. காலையில் எழுந்ததும் டப்பாவைக் கொட்டிவிட வேண்டும். பாத்திரம் கழுவும் மென்மையான சோப்பு இரண்டு சொட்டு போட்டு, வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்றாக அலசி, நேர் வெயில் படாத இடத்தில் கவிழ்த்துக் காய வைக்க வேண்டும். கழுவ மட்டும் குழாய்த் தண்ணீர் போதும், ஏனெனில் பிறகு உலர்ந்துவிடுகிறது. முழுதும் உலர்ந்த பரப்பில் கிருமி பெருகுவது கடினம். வெள்ளைப் படிவு தெரிந்தால் ஒரு பங்கு வெள்ளை வினிகர், ஒன்பது பங்கு நீர் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து அலசலாம். குளியலறை மூலையில் படிவது போன்ற இளஞ்சிவப்பு வழவழப்பு டப்பாவில் தெரிந்தால் அது பாக்டீரியாவின் படலம். வெடிப்போ நிரந்தர மங்கலோ கண்டால் டப்பாவையே மாற்ற வேண்டிய நேரம்.

தானாகச் சுத்தம் செய்யும் ஓசோன் பெட்டிகளை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020 பிப்ரவரியிலேயே ஓசோன், புற ஊதா ஒளிப் பெட்டிகளைக் குறித்து எச்சரித்தது. ஓசோன் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் வாயு. 2021 ஜூனில் ஃபிலிப்ஸ் நிறுவனம், ஒலியை அடக்க உள்ளே வைத்திருந்த நுரைப்பஞ்சு சிதைந்து காற்றில் கலக்கக்கூடும் என்று உலகம் முழுவதிலுமிருந்து பல லட்சம் கருவிகளைத் திரும்பப் பெற்றபோது, ஓசோன் அந்தச் சிதைவைக் கூட்டக்கூடும் என்பதும் வெளியே வந்தது. சோப்பும் ஐந்து நிமிடமும் இருந்தால் அந்தப் பெட்டி எதற்கு?

சென்னைக் காற்றும் ஊட்டிக் காற்றும்

எல்லா இரவுக்கும் ஒரே அளவு ஈரம் வேண்டியதில்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. சென்னையில் ஏசி போடாத அறையில் 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால், ஒவ்வொரு லிட்டர் காற்றிலும் ஏற்கெனவே 21 மில்லிகிராம் நீராவி இருக்கிறது. அதே ஊரில் ஏசியை 24 டிகிரியில் வைத்தால், ஈரப்பதம் 50 சதவீதமாக இறங்கும்போது அது 11 மில்லிகிராம். 10 டிகிரி குளிரில் ஊட்டி இரவு, 80 சதவீத ஈரப்பதத்திலும் 8-ஐத் தாண்டாது. மூக்குக்கு ஈரமாகத் தெரியும் மலைக்காற்று உண்மையில் வறண்ட காற்று. ஆகவே, ஏசி அறையிலும் மலையிலும் தண்ணீர் டப்பா அவசியம். கடற்கரை ஊரில் மின்விசிறி மட்டும் ஓடும் இரவில் ஈரத்தைக் குறைத்தோ அணைத்தோ வைத்தும் பலர் சுகமாகத் தூங்குகிறார்கள்.

ஏசி அறையில் எதிர்மாறான தொல்லையும் வரும். சூடான ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் பட்டு நீராகி, நடுராத்திரியில் களகளவென்று சத்தம் போட்டு மூக்கில் சொட்டும். ஈர அளவை ஒரு படி குறைக்கலாம், குழாய்க்குத் துணி உறை போடலாம், சூடாக்கும் குழாய் வாங்கலாம். மிஷினைத் தலைமாட்டைவிடத் தாழ்வான மேசையில் வைத்தால் வழியும் நீர் டப்பாவுக்கே திரும்பும்; முகத்துக்கு வராது.

தண்ணீர் தீர்ந்துவிட்டது, கடை மூடிவிட்டது என்ற இரவில் பலர் மிஷினையே போடாமல் படுத்துவிடுகிறார்கள். இதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிற பழக்கம். டப்பா காலியாக இருந்தாலும் ஈரத்தை அணைத்துவிட்டு மிஷினை ஓட்டலாம். மூக்கு கொஞ்சம் காயும், மூச்சு நிற்காது. வெளியூரில் ஓரிரு இரவுக்குக் கடையில் வாங்கிய குடிநீர் பாட்டிலை ஊற்றினால் மிஷின் கெட்டுப்போகாது, வீட்டுக்கு வந்ததும் டப்பாவை வினிகரில் ஊறவைத்தால் சரி. ஆனால் ரயிலேறும் முன் டப்பாவைக் கட்டாயம் காலி செய்யுங்கள். பையில் சாய்ந்த டப்பாவின் நீர் மோட்டாருக்குள் போனால் பழுது பார்க்கும் செலவு பெரிது.

மிஷின் விற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மாஸ்க்கை மாட்டிக்கொள்கிறவர் ஒருவர், டப்பாவில் தண்ணீர் ஊற்றுகிறவர் பெரும்பாலும் வேறொருவர்: மனைவி, மகள், மருமகள், வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் அம்மா. நீங்கள் செய்து காட்டியபோது அவர் சமையலறையில் இருந்திருப்பார். அடுத்த முறை ஒரு வீட்டுக்கு மிஷின் கொண்டுபோகும்போது அவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். எந்தத் தண்ணீர், எங்கே கிடைக்கும், எப்போது கொட்ட வேண்டும், எப்படிக் கழுவ வேண்டும் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒரே தாளில் அச்சிட்டு, டப்பா வைக்கும் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள்.